மலை தின்னும் பாகங்களும் வாரண்டிப் புத்தகமும்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஐந்து வருடமாகப் பழைய கார்களையே கைமாற்றிக்கொண்டிருந்த ஹட்டன் டவுனில் இப்போது சீட் உறை கழற்றாத புதுக் கார்கள் கண்ணில் படுகின்றன. கூடவே அந்தப் பழைய கேள்வியும் வந்துவிட்டது. "டீச்சர், வாரண்டி முடியும் வரைக்கும் ஒவ்வொரு சேர்விஸுக்கும் கண்டிக்கே போகணுமா? இங்கேயே நம்ம பாஸ்கிட்ட காட்டினா வாரண்டி போயிருமா?" கண்டியில் இருப்பது ஏஜன்டின், அதாவது காரை விற்று வாரண்டி தருகிற கம்பனிப் பிரதிநிதியின், சேர்விஸ் நிலையம். பாஸ் என்று நாங்கள் சொல்வது ஊர்க் கராஜ் மெக்கானிக்கை.

கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள், லீசிங் கட்டுகிறவர்கள். இங்கிருந்து கண்டிக்கு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று போக மட்டுமே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் லீவு போகும். பெற்றோல் செலவு இருக்கிறது. மழைக் காலத்தில் எங்காவது மண்சரிந்து பாதையை மூடிவிட்டால் எடுத்த தேதியும் போய்விடும். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். காரின் கீழே என்ன நடக்கிறது என்று யாரும் கூப்பிட்டுக் காட்ட மாட்டார்கள். இங்கே கொட்டகலையிலோ ஹட்டனிலோ பாஸிடம் விட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

நான் வாங்கியது இந்தியாவில் செய்த சின்னக் கார். தடை வருவதற்கு முன் ஏஜன்டிடம் புதிதாக எடுத்தது. 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. அந்தக் காலம் முழுவதையும் ஓட்டி முடித்து, இன்றும் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே அதே காரில்தான் போய் வருகிறேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாத பதில் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வாரண்டிப் புத்தகத்தில் எல்லோரும் பார்ப்பது முதல் பக்கத்தை. வருடக் கணக்கும் கிலோமீற்றர் கணக்கும் அங்கே கொட்டை எழுத்தில் இருக்கும். நாம் படிக்க வேண்டிய பக்கம் உள்ளே இருக்கிறது. எதெல்லாம் வாரண்டியில் சேராது என்று சொல்லும் பக்கம். பிரேக் பேட், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், டயர், வைப்பர், பல்ப், ஃபில்டர், பெரும்பாலான புத்தகங்களில் ரப்பர் புஷ்களும் கூட, "தேய்மானம்" என்ற ஒரே சொல்லில் வெளியே போய்விடும். சேர்ந்திருப்பவை எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டியரிங், எயார்பேக், ஏசி கொம்பிரசர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசீயூ போன்றவை. அவையும் தயாரிப்புக் குறையால் பழுதானால் மட்டும்.

இப்போது நம் பாதைகளை நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போகும்போது தேய்வது கிளட்ச் பிளேட். இறக்கத்தில் தேய்வது பேட். வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பி டயரின் ஓரம் தேய்கிறது. தோட்டத்து ரோட்டில் கல்லில் ஏறி இறங்கி புஷ், போல் ஜொயின்ட், லிங்க் எல்லாம் ஆட்டம் காண்கின்றன. மலை தின்பதெல்லாம் வாரண்டி சேர்க்காத பட்டியலில் இருக்கிறது. வாரண்டி சேர்த்திருப்பதை மலை அவ்வளவாகத் தொடுவதில்லை.

இது விளங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் பட்டியலுக்காகக் கண்டிக்குப் போவதில் அர்த்தம் இல்லை. எப்படியும் நம் கைக்காசுதான். அதை நாள்தோறும் இந்தப் பாதையில் ஓடும் வாகனங்களின் கீழே படுத்து வேலை செய்கிற ஆளிடம் கொடுப்பதுதான் சரி. இரண்டாவது பட்டியலுக்காக ஏஜன்ட் வேண்டும். அங்கே போக வேண்டிய சேர்விஸ்களை ஒன்றுகூட விடாமல் போய், புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். ஒயில் மாற்றும் சேர்விஸை இடையில் வெளியே செய்தால் எஞ்சின் சம்பந்தமான கோரிக்கை வரும்போது அதையே காரணம் காட்டித் தட்டிக்கழிக்க அவர்களுக்கு வசதியாகப் போய்விடும். பிரேக் பேட் மாற்றியதற்காக எஞ்சின் வாரண்டியை மறுக்க அவர்களிடம் காரணம் இல்லை. பாஸிடம் காட்டினாலே எல்லாம் போய்விடும் என்கிற பயம் தேவையில்லாதது.

ஏஜன்டிடம் போகும்போது ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். அநேகமான கார்களின் கையேட்டில் "கடுமையான பாவனை" என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். மலைப்பாதை, தூசி, கரடுமுரடான ரோடு, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் என்று அதில் சொல்லியிருப்பது அப்படியே நம் ஓட்டம்தான். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றரில் பள்ளிக்கூடம் என்றால், ஜனவரிக் குளிரில் எஞ்சின் சரியாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுவோம். ஒயிலில் சேரும் ஈரமும் பெற்றோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைக்காது. அதனால் ஒயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கிறது அட்டவணை. ஆனால் கவுன்டரில் இருப்பவர் மீற்றரைப் பார்த்து, வழக்கமான பட்டியலில் டிக் போட்டு அனுப்பிவிடுவார். எங்கே ஓட்டுகிறீர்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. நானாகச் சொல்வேன்: "நான் ஓடுறது மலை ரோட்டில, தோட்டத்து ரோட்டில. கடுமையான பாவனை அட்டவணைப்படி செய்யுங்க, அதை ஜொப் கார்டில எழுதுங்க." ஜொப் கார்ட் என்பது காருக்கு என்ன வேலை என்று அவர்கள் பதியும் தாள். எழுதுவார்கள். எழுதியது நமக்குப் பிறகு ஒரு நாள் உதவும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பிரேக் ஒயிலைப் பற்றி.

2023 ஜனவரி 20 இரவு, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிய பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த பாதை, எங்களுக்குத் தெரிந்த இறக்கம். அதற்குப் பிறகு பல நாள் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. அன்றிலிருந்து இறக்கத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் விடாமல் பேசுகிறேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொத்மலைப் பக்கமோ வெலிமடைப் பக்கமோ இறங்கினால் விடாத இறக்கம். ஒரு டன் எடையுள்ள கார் ஆயிரம் மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் சக்தி கிட்டத்தட்ட 29 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சின்னக் கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்கினால், காற்றும் டயரும் எடுத்தது போக மிச்சமெல்லாம் நாலு வீலின் பிரேக்குக்குப் போகும். அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேட்டுக்கும், பேட்டிலிருந்து அதை அமுக்குகிற கெலிப்பருக்கும், அங்கிருந்து அதனுள் இருக்கும் பிரேக் ஒயிலுக்கும் ஏறும்.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். மூடியை இறுக்கி வைத்திருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் தூறலுமாக இருக்கிற ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஒயிலை டொட் 3, டொட் 4 என்று தரம் பிரிப்பார்கள். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை வரைக்கும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 பாகை தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. டொட் 3 என்றால் 205 பாகை 140 ஆகும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் நிற்கும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அப்போது பெடலை மிதித்தால் அது பஞ்சாக உள்ளே போகும், கார் நிற்காது. பேட் புதிதாக இருந்தாலும் பயனில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இந்த ஒயிலை முழுவதும் மாற்ற வேண்டும் என்று என் காரின் புத்தகமே சொல்கிறது. ஆனாலும் ஏஜன்டின் பில்லில் அது "செக்" என்ற டிக்கோடு நின்றிருந்தது. செக் என்றால் டப்பாவில் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது என்பது மட்டத்தில் தெரியாது. நம் ஊர்க் கராஜ்களிலோ, பேட் மாற்றும்போது குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு சரி. பழையதை இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றச் சொல்லி ஆட்கள் கேட்பதில்லை, அதனால் அவர்களும் செய்வதில்லை. உயிர் போகிற விஷயம் இரண்டு இடத்துக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது.

எங்கள் பாஸிடம் கேட்டபோது உடனே செய்து தந்தார். முத்திரை உடைக்காத புதுப் போத்தலாக வாங்கி வரச் சொன்னார். திறந்து வைத்த போத்தலும் ஈரம் இழுக்கும். பையன் ஒருவன் சீட்டில் உட்கார்ந்திருக்க, இவர் இடது பின் வீலுக்குப் பக்கத்தில் குந்தி, நிப்பிளில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை வெறும் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டார். "அமுக்கு... பிடி... விடு." ஒவ்வொரு அமுக்குக்கும் ஒயில் கொஞ்சம் வந்தது. முதலில் வந்தது பால் சேர்க்காத பிளேன்டீ நிறம். புதிதாக ஊற்றியது வெளிர் மஞ்சள். குழாயில் பிளேன்டீ நிறம் மறைந்து மஞ்சள் வரும் வரைக்கும் விடாமல் செய்தார். இடையில் மேலே டப்பா காலியாகி உள்ளே காற்று போய்விடாமல் பையனிடம் திரும்பத் திரும்ப ஊற்றச் சொன்னார். பிறகு மற்ற மூன்று வீல். "இதைக் கேட்டு வர்ற ஆள் இல்ல டீச்சர். பேட் மட்டும் போடுங்கன்னு சொல்லுவாங்க" என்றார்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். மகன் தோட்டத்து லொறியில் கை வைத்துப் பழகி, பிறகு டவுனில் ஒரு சிங்களப் பாஸிடம் வேலை கற்று, சொந்தமாகத் தகரம் அடித்துக் கராஜ் போட்டவர். மலைநாட்டில் நல்ல மெக்கானிக்குகள் பலருடைய வழி இதுதான். பழைய லொறியை மலையேற்றிப் பழகியவர்களுக்குச் சத்தத்திலிருந்தே பழுதைப் பிடிக்கத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏஜன்டிடம் போனால் என் பேரில் இருக்கிற காரைப் பற்றி என் கணவரைப் பார்த்துத்தான் விளக்குவார்கள். பாஸ் என்னிடம்தான் பேசுவார். ஓட்டுகிறவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

வாரண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் காரின் முன்பக்கம் ஒரு சத்தம் வந்தது. கல் ரோட்டில் மெதுவாகப் போகும்போது மட்டும் "டொக் டொக்" என்று கேட்கும். கார்ப்பட் ரோட்டில் கேட்காது. ஏஜன்டின் சேர்விஸ் நிலையத்தில் சொன்னேன். அவர்கள் ஓட்டிப் பார்த்தது அவர்களுடைய வாசலுக்கு முன்னால் இருக்கிற கார்ப்பட் ரோட்டில். சத்தம் இல்லை என்றார்கள். அடுத்த தடவையும் சொன்னபோது, "எஸ்டேட் ரோட்டில ஓடினா சத்தம் வரத்தானே செய்யும் மிஸ்" என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எங்கள் பாதை மோசம் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காகக் காரின் குறையைப் பாதையின் தலையில் கட்ட முடியாது.

பாஸ் காரை ஜெக்கில் ஏற்றவே இல்லை. தரையில் நிற்கும்போதே பையனை ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொன்னார். கையை உள்ளே விட்டு, ஸ்டியரிங் திருப்புவதை முன் வீலுக்குக் கொண்டுபோகும் ரெக்கில் வைத்துப் பார்த்தார். "டீச்சர், இங்க கை வச்சுப் பாருங்க" என்று என் கையையும் பிடித்து வைத்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலில் ஒரு சின்ன இடி தெரிந்தது. ஸ்டியரிங் ரெக்கின் உள் புஷ் லூஸ். ரெக் வாரண்டியில் சேர்ந்த பொருள். அவர் அதைத் தொடவில்லை. "இதை நான் கழட்டினா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அவங்களே போடட்டும்" என்றார்.

எழுதித் தரச் சொன்னேன். பில் புத்தகத்தில் தேதி, கார் இலக்கம், கிலோமீற்றர் போட்டு, எந்தப் பக்கம், எப்படிப் பார்த்தது என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்தும் ரப்பர் சீலும் வைத்துத் தந்தார். அதை என் கடிதத்தோடு இணைத்து ஏஜன்டின் மனேஜருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முன்பு இரண்டு தடவையும் நான் சொன்னது ஜொப் கார்டில் பதிவாகியிருந்தது, அதன் பிரதிகளையும் வைத்தேன். அடுத்து போனபோது ஒரு டெக்னீஷியன் வந்து அதே மாதிரிக் கையை வைத்துப் பார்த்தார். ரெக் வாரண்டியில் மாறியது. ஒரு சதம் கேட்கவில்லை. அந்த டெக்னீஷியன் நல்ல வேலைக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். அவரிடம் விஷயம் போய்ச் சேர விடாமல் நடுவில் கவுன்டர் இருந்ததுதான் கோளாறு.

இதனால் ஊர்க் கராஜ் எல்லாம் நல்லது, ஏஜன்ட் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மச்சானின் ஜப்பான் காருக்கு நடந்தது வேறு மாதிரி. சீவீடீ கியர்பெட்டி உள்ள கார். ஒரு கராஜில் கியர் ஒயில் மாற்றச் சொன்னபோது சாதாரண ஒட்டோ கியருக்கு ஊற்றும் ஒயிலை ஊற்றிவிட்டார்கள். சீவீடீயில் ஓர் இரும்புப் பெல்ட் இரண்டு கப்பிகளுக்கு நடுவே இறுகப் பிடித்து ஓடுகிறது. அந்தப் பிடிப்புக்கு என்றே செய்த ஒயில் வேண்டும். சில மாதத்தில் ஏற்றத்தில் கார் உதறத் தொடங்கி, கடைசியில் கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய கியர்பெட்டி ஒன்றை இறக்கிப் போட வேண்டியதாயிற்று. கேட்டால், "எல்லாம் ஒரே சிவப்பு ஒயில்தான் அண்ணே" என்றார்களாம். அந்த வார்த்தையைச் சொல்கிற கராஜில் காரை நிறுத்தவே கூடாது. நல்ல பாஸ், தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். எங்கள் பாஸ் ஹைபிரிட்டில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஒரேஞ்சு நிற வயரைத் தொட மாட்டார், அதற்கென்று படித்தவர்களிடம் அனுப்பிவிடுவார்.

எஞ்சின் ஒயிலிலும் இதே கவனம் வேண்டும். புதுக் கார்களுக்குப் புத்தகம் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலைச் சொல்லியிருக்க, மலைக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய லொறிக்கு அது சரி. அப்புறம் ரேடியேட்டர். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட்தான். மூடியையும் பாருங்கள். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கிற அழுத்தம்தான் ரேடியேட்டரைக் கொதிக்காமல் காக்கிறது. மூடியின் ரப்பர் போனால் ஏற்றத்தில் காட்டிவிடும்.

இங்கே ஓடும் கார்களில் நிறைய, ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த ரீகண்டிஷன் கார்கள். அவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். விற்பவர் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் சில மாதம் வாரண்டி என்று சொல்வதை வாயால் சொல்ல விடாமல் தாளில் வாங்குங்கள். ரீகோல் என்பது வாரண்டியிலிருந்து வேறான விஷயம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டகாட்டா என்ற கம்பனி செய்த எயார்பேக் விவகாரத்தில் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களைக் கம்பனிகள் திருப்பி அழைத்தன. வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் இருந்த அமோனியம் நைத்திரேற்று கெட்டுப்போய், எயார்பேக் விரியும்போது அதன் உலோக உறையே வெடித்துச் சிதறியது. அந்தக் காலத்து ஜப்பான் கார் உங்களிடம் இருந்தால் சேசி இலக்கத்தைத் தயாரித்த கம்பனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஏஜன்டிடமும் கேளுங்கள். இதை எந்த ஊர்ப் பாஸாலும் செய்து தர முடியாது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் சக்தியை வாங்காது. அதுவரை மோட்டார் பிடித்துக்கொண்டிருந்த வேகத்தைப் பிரேக் பிடிக்க வேண்டியதாகிவிடும். டொயோட்டாவில் "பி" என்று ஒரு நிலை இருப்பது அதற்காகத்தான். மின்சாரக் காருக்கும் இது பொருந்தும். நுவரெலியாவில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் கீழே இறங்காதீர்கள், கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். மின்சாரக் காரின் பெட்டரிக்குப் பல கம்பனிகள் 8 வருடம் வரை வாரண்டி தருகின்றன. காரிலேயே விலை கூடிய பொருள் அது. அந்தப் பெட்டியை வெளியே யாரும் திறக்க விடக் கூடாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் யூடியூப் பார்த்துவிட்டு வந்து பலர் பேசுகிறார்கள். அமெரிக்காவில் 1975 இல் வந்த மெக்னசன்-மொஸ் வாரண்டிச் சட்டப்படி, தன்னிடமே சேர்விஸ் செய்தால்தான் வாரண்டி என்று ஒரு கம்பனி நிபந்தனை போட முடியாது, அந்த சேர்விஸை இலவசமாகக் கொடுத்தாலொழிய. அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், கம்பனிகள் தங்கள் சேர்விஸ் தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் நியாயமான விலைக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல சட்டங்கள், நமக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் ஹட்டனில் நின்றுகொண்டு அமெரிக்கச் சட்டத்தை ஏஜன்டிடம் காட்ட முடியாது. இங்கே நம் கையில் இருப்பது வாரண்டிப் புத்தகத்தின் வாசகமும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும். கொடுத்த வாரண்டிப்படி பொருள் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை வாங்கியோ சேவையைப் பெற்றோ 3 மாதத்துக்குள் போக வேண்டும். "அடுத்த சேர்விஸில் பார்ப்போம்" என்று இழுத்தடிக்கும்போது ஓடுவது அந்த மூன்று மாதம். எனவே ஒவ்வொரு தடவையும் ஜொப் கார்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

நம் ஊர்ப் பாஸ்மாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கிற அறிவு உங்களோடு கராஜிலேயே நின்றுவிடுகிறது. என்ன ஒயில், எந்தத் தரம், எத்தனை லீற்றர், எந்தப் பாகம், கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டது புதிதா பழையதா, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர். இதை ஒரு பில்லில் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் காரோடு கண்டி வரைக்கும் போய் உங்களுக்காகப் பேசும். என் ரெக் மாறியது அப்படித்தான். சான்றிதழ் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். வருடக்கணக்கில் வேலை செய்து கற்றவர்கள் தங்கள் திறமையைக் காட்டி என்வீகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல், முன் கற்றலை மதிப்பிட்டே தருகிறார்கள். தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்களிடம் வேலை கற்க வரும் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழியைக் காட்டிவிடுங்கள். என் வகுப்பிலிருந்து போன பிள்ளைகள் சிலர் இந்தக் கராஜ்களில் நிற்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனுக்கு ஒரு தாள் இருந்தால் கொழும்பில் எந்த ஏஜன்டின் வாசலிலும் தலை நிமிர்ந்து போய் வேலை கேட்கலாம்.

ஏஜன்டுகளிடம் கேட்பது சின்ன விஷயம்தான். மாதம் ஒரு சனிக்கிழமை ஹட்டனுக்கு ஒரு வேன் அனுப்புங்கள். ஒரு ஸ்கேனர், இரண்டு டெக்னீஷியன், முத்திரை. ஒயில் சேர்விஸை இங்கேயே செய்து புத்தகத்தில் குத்திவிடலாம். சத்தம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சத்தம் வருகிற ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கார் வைத்திருக்கும் ஆசிரியர்களும் தோட்ட உத்தியோகத்தர்களும் சேர்ந்து இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. எந்தக் கம்பனியின் கார் என்றாலும் பரவாயில்லை, ஒவ்வொரு ஏஜன்டுக்கும் தனித்தனிப் பிரதி போகும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காரின் மொடலையும் வாரண்டி முடியும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.